ஓட்டைக்குள் மாட்டிய கல்

வணக்கம். இன்று டம்ளரைப் பற்றிப் பேசப் போகிறேன். டம்ளர் என்றதும் தண்ணீர் குடிக்கிற டம்ளரை நினைத்துவிடாதீர்கள். நான் சொல்ல வந்தது வைப்ரேட்டரி டம்ளர். அகலமான ஒரு தொட்டி, அடியில் ஒரு மோட்டார். மோட்டாரின் அச்சில் ஒரு பக்கம் மட்டும் கனமாக இருக்கும்படி எடை பூட்டியிருப்பார்கள். அது சுற்றினால் தொட்டி முழுக்க நடுங்கும். பழைய பட்டன் போன் மேசைமேல் அதிர்ந்தபடியே நகர்ந்து போகுமே, அதற்குள் இருந்ததும் இதே ஏற்பாட்டின் குட்டி வடிவம்தான்.

தொட்டியில் கற்களைக் கொட்டி, நடுவே சின்னச் சின்ன உலோகப் பொருள்களைப் போட்டு ஓட்டினால் எல்லாம் சேர்ந்து மெல்லப் புரண்டு வரும். உரசி உரசி ஓரத்துப் பிசிறு போகும், மெருகு ஏறும். ஆற்றில் கூழாங்கல் வழவழப்பாவதும் இப்படித்தான். ஆற்றுக்கு அவசரமில்லை, நமக்குச் சில மணி நேரத்தில் முடிய வேண்டும்.

அந்தக் கற்களுக்கு மீடியா என்று பெயர். நாங்கள் கல் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பிளாஸ்டிக் கூம்பானாலும் கல்தான், எவர்சில்வர் குண்டானாலும் கல்தான்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "நல்லா பளபளக்க எந்தக் கல்லு போடணும்?" நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: "உங்க பொருள்ல இருக்கிறதிலேயே சின்ன ஓட்டை எத்தனை மில்லிமீட்டர்?" முகம் சுருங்கிவிடும். பளபளப்பைப் பற்றிக் கேட்டால் இவர் ஓட்டையைப் பற்றிப் பேசுகிறாரே என்று. பேசாமல் என்ன செய்ய, பட்ட பாடு அப்படி.

ஒரு தடவை பித்தளைத் துண்டுகள் 400 வந்தன. ஒவ்வொன்றிலும் 6 மில்லிமீட்டர் ஓட்டை. என்னிடம் இருந்தது உருளை வடிவப் பீங்கான் கல். வாங்கும்போது ஆறரை மில்லிமீட்டர் கனம். ஆறரை எப்படி ஆறுக்குள் நுழையும்? தைரியமாகப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் வந்து ஒரு துண்டை எடுத்தேன். கண்ணாடி போல மின்னுகிறது. திருப்பிப் பார்த்தால் ஓட்டையில் புட்டிக்கு அடைத்த தக்கை மாதிரி ஒரு கல். அடுத்ததை எடுத்தேன், அதிலும். எல்லாவற்றிலும் இல்லை, பாதிக்கு மேல் இருக்கும்.

எங்கே தப்பு? வாங்கியபோது ஆறரைதான். ஆனால் பொருளைத் தேய்க்கிற கல் தானும் தேயுமல்லவா? பல மாதம் ஓடி ஓடி, சரியாக ஆறுக்கு வந்து நின்றிருக்கிறது. அளந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அப்புறம் ஆணியை வைத்துத் தட்டினேன். இன்னும் இறுகிக்கொண்டது. பலமாகத் தட்டினால் கல் உடைந்து, உடைந்த முனை ஓட்டையின் உள்சுவரைக் கீறியது. இரண்டு நாள், ஒவ்வொன்றாக. மெருகு போட்டதைவிட மெருகைக் கெடுத்ததுதான் அதிகம்.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், முதலில் ஓட்டை. ஒன்று, கல் ஓட்டைக்குள் போகவே முடியாத அளவுக்கு நன்றாகப் பெரிதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தாராளமாகப் போய்வரும் அளவுக்குச் சிறிதாக, ஓட்டையில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. பாதி அளவு இருந்தால் போதாதா என்பீர்கள். போதாது. இரண்டு பாதிகள் ஜோடி சேர்ந்து உள்ளே போய்த் தோளோடு தோள் இடித்து நின்றுகொள்ளும். ஒரே வாசலில் இரண்டு பேர் ஒன்றாக நுழையப் பார்க்கிற மாதிரி. இன்னொன்று, அவ்வப்போது கற்களைச் சல்லடையில் சலித்து, தேய்ந்து சிறுத்ததை ஒதுக்கிவிடுங்கள். அந்தச் சல்லடை மட்டும் அன்று என்னிடம் இருந்திருந்தால்!

சரி, கல்லின் வகைக்கு வருவோம். பீங்கான் கல் நன்றாக அறுக்கும். எஃகுப் பொருளின் பிசிறுக்கு அதுதான். புதுக் கல்லின் முனைகள் கூர்மையாக இருக்கும். முதலில் பொருள் போடாமல் வெறுமனே கொஞ்ச நேரம் ஓட்டி முனையை மழுக்கிக்கொள்ளுங்கள். அலுமினியம், பித்தளை மாதிரி மெத்தென்ற உலோகங்களுக்குப் பிளாஸ்டிக் கல் நல்லது. எடை குறைவு, அடி மெதுவாக விழும். எவர்சில்வர் குண்டு எதையும் அறுக்காது. மேற்பரப்பைத் தட்டித் தட்டி அழுத்தி மினுக்கும், அவ்வளவுதான். பிசிறு இருக்கும்போதே அதைப் போட்டால் பிசிறும் சேர்ந்து மினுங்கும்! கனத்தையும் யோசியுங்கள். பீங்கான் கல் லிட்டருக்குச் சுமார் ஒன்றரை கிலோ, எவர்சில்வர் குண்டு கிட்டத்தட்ட ஐந்து கிலோ. சிறிய இயந்திரம் அந்தச் சுமையைத் தாங்காது.

வடிவத்தைப் பற்றித் தனியாக ஒரு அரை மணி பேசலாம். முக்கோணக் கல்லின் நுனி இடுக்கு மூலைக்குள் எட்டும், ஆனால் அந்த நுனிதான் முதலில் உடையும், உடைந்த நுனி எங்கே போய் மாட்டும்? ஆமாம், மறுபடியும் ஓட்டையில்தான். நான் எங்கே போனாலும் அங்கேயே வந்து நிற்கிறேன், மன்னிக்க வேண்டும்.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கை காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டதாம். தொட்டியில் கல்லோடு விடுகிற தண்ணீரும் சோப்பும் பற்றி ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன்: நுரை பொங்கினால் சோப்பு அதிகம். நுரை மெத்தை போலாகி, கல் பொருளைத் தேய்க்காது. மூன்று பங்கு கல்லுக்கு ஒரு பங்கு பொருள், கீறல் படக்கூடாத பொருளென்றால் கல் இன்னும் கூடுதலாக. கடைசியாக ஈரம் போக, மக்காச்சோளத் தக்கைத் துருவலில் கொஞ்ச நேரம் புரட்டி எடுங்கள். அதன் தூளும் ஓட்டையில் அடைத்துக்கொள்ளும், ஆனால் ஊதினால் போய்விடும். வணக்கம்.