பால்மறந்த குழந்தை

அன்பான நேயர்களே, வணக்கம்.

நான் போதகர் அல்ல. இறையியல் படித்தவளும் அல்ல. 33 ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதில் பெரும்பகுதி குழந்தைகள் வார்டில் கழிந்தது. மனத்தாழ்மையையும் சமாதானத்தையும் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்திலிருந்து கேட்டபோது மறுத்துவிடலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். தாழ்மையைப் பற்றிப் பேசுவதற்காக நல்ல சேலையாகத் தேடிக் கட்டிக்கொண்டு ஒலிவாங்கியின் முன்னால் வந்து உட்காருகிறவளுக்கு எவ்வளவு தாழ்மை இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அதுவும் வானொலிக்கு நல்ல சேலை! பிறகு, பால்மறந்த குழந்தையைப் பற்றி வேண்டுமானால் பேசலாம், அது எனக்குத் தெரிந்த விஷயம் என்று தோன்றியது. வந்துவிட்டேன்.

வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்தில் 120 முதல் 134 வரை உள்ள பதினைந்து பாடல்களுக்கு ஆரோகண சங்கீதங்கள் என்று பெயர். பண்டிகைக்காக எருசலேமுக்கு மலையேறிப் போனவர்கள் வழிநெடுகப் பாடியவை என்று சொல்வார்கள். அவற்றில் 131ஆம் சங்கீதம் மூன்றே வசனம். திருப்பாடல் என்று சொல்லிப் பழகிய கத்தோலிக்க நேயர்களுக்கும் எண் அதுவேதான். தாவீதின் பெயரில் உள்ள பாடல் இது. "கர்த்தாவே, என் இருதயம் இறுமாப்புள்ளதல்ல" என்று தொடங்குகிறது. பெரிய காரியங்களிலும் எனக்கு மிஞ்சின கருமங்களிலும் நான் தலையிடுவதில்லை என்கிறார். அடுத்த வசனம்: "தாயின் பால்மறந்த குழந்தையைப்போல நான் என் ஆத்துமாவை அடக்கி அமரப்பண்ணினேன்."

பால் நிறுத்திய குழந்தை என்றும் நாம் சொல்வதுண்டு. நிறுத்துவது தாய். மறக்க வேண்டியது குழந்தை. இந்த இரண்டுக்கும் நடுவில் சில இரவுகள் இருக்கின்றன. அந்த இரவுகளைப் பார்த்தவர்களுக்குத்தான் இந்த வசனத்தின் எடை தெரியும். வேப்பிலையை அரைத்துத் தடவுவார்கள். தாயை ஓர் அறையிலும் பிள்ளையைப் பாட்டியிடமும் படுக்க வைப்பார்கள். பிள்ளை ஊரைக் கூட்டும். அதைவிடக் கொடுமை, அறைக்குள் தாய் சத்தமில்லாமல் அழுவது.

தாவீது பாடிய காலத்துப் பிள்ளை கைக்குழந்தையும் அல்ல. கத்தோலிக்கர் வேதாகமத்தில் உள்ள மக்கபேயர் இரண்டாம் நூலில் வரும் ஒரு தாய், மூன்று ஆண்டு பாலூட்டி வளர்த்ததைத் தன் மகனுக்கு நினைவூட்டுகிறாள். மூன்று வயது என்றால் நடக்கும், ஓடும், பேசும், சேலையைப் பிடித்து இழுத்துக் கேட்கும் பிள்ளை. ஆபிரகாம் வீட்டில் ஈசாக்கு பால்மறந்த நாளில் பெரிய விருந்தே வைத்தார்கள் என்று ஆதியாகமம் சொல்கிறது. விருந்து வைக்கிற அளவுக்கு அது பெரிய காரியம்.

பால்குடிக்கும் பிள்ளை தாயின் மடியில் சும்மா இருக்காது. முகத்தால் முட்டும், தேடும், கை பரபரக்கும். கிடைக்காவிட்டால் தாயையே அடிக்கும். பால்மறந்த பிள்ளையும் அதே மடியில்தான் உட்காருகிறது. ஆனால் எதையும் தேடுவதில்லை. அம்மா இருக்கிறாள், அதனால் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், அதன் பெயர் வேண்டாம், மேற்பார்வைச் செவிலியர் பதவி காலியானது. பணிமூப்பில் அடுத்தது நான். என்னைவிட ஆறு ஆண்டு இளையவருக்குக் கொடுத்தார்கள். அவரும் நல்லவர்தான், வேலையும் தெரிந்தவர். ஆனாலும் முறையாக ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை. அதன் பிறகு பல மாதம் எனக்குச் சரியான தூக்கம் கிடையாது. அதிகாலை மூன்று மணிக்கு விழித்துக்கொள்வேன். இருட்டில் படுத்தபடியே நிர்வாகத்திடம் பேசுவேன், அந்தப் பெண்ணிடம் பேசுவேன். எத்தனை நியாயம், எத்தனை அழகான வாக்கியங்கள்! விடிந்தால் ஒன்றையும் சொல்ல மாட்டேன். ஜெபமும் செய்தேன். "ஆண்டவரே, நீர் நீதியுள்ள நியாயாதிபதி" என்று ஆரம்பித்து, அவருக்கே வழக்கை எடுத்துச் சொல்லிக்கொடுப்பேன். முட்டி முட்டித் தேடுகிற பிள்ளையின் ஜெபம் அது. அப்போது எனக்கு அது தெரியவில்லை.

அந்த நாட்களில் வார்டில் இரண்டரை வயதுப் பையன் ஒருவன் இருந்தான். தாய் அடுத்த பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். பால் நிறுத்திய நேரத்திலேயே அவனுக்குக் காய்ச்சலும் வந்துவிட்டது. முதல் இரண்டு இரவும் அவன் அழுத அழுகையில் பக்கத்துக் கட்டில்காரர்கள் என்னிடம் வந்து குறைசொன்னார்கள். ஐந்தாம் இரவு சுற்றி வரும்போது பார்க்கிறேன், தாயின் மடியில் சாய்ந்து விழித்துக்கொண்டிருக்கிறான். அழவில்லை, தேடவில்லை. அவளுடைய வளையலை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தான். உடனே 131ஆம் சங்கீதம் என் நினைவுக்கு வந்தது என்று சொன்னால் அது பொய். வெப்பமானியை வைத்துப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, கோவிலில் அந்தச் சங்கீதத்தை வாசித்தபோதுதான் அந்த வளையல் சத்தம் காதில் கேட்டது.

அன்றைக்கு இன்னொன்றையும் கவனித்தேன். "அடக்கி அமரப்பண்ணினேன்" என்கிறார் தாவீது. தானாக அமர்ந்துவிடவில்லை, அமரப்பண்ண வேண்டியிருந்தது. அடக்கம் என்றால் நம் சபைகளில் கல்லறைத் தோட்டம்தான் முதலில் நினைவுக்கு வரும். அதற்கு முன்பே செய்ய வேண்டிய ஓர் அடக்கம் இருக்கிறது போலும்.

இதே சொல்லைப் பேதுருவும் எழுதுகிறார். அவருடைய முதல் நிருபம், ஐந்தாம் அதிகாரம். தேவனுடைய "பலத்த கைக்குள் அடங்கியிருங்கள்" என்பது ஆறாம் வசனம். "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்" என்பது ஏழாம் வசனம். நம் வீடுகளில் நாள்காட்டியில் தொங்குவது ஏழாம் வசனம் மட்டும். கிரேக்க மூலத்தில் இரண்டும் ஒரே வாக்கியம் என்று எங்கள் போதகர் ஒருமுறை விளக்கினார். கவலைகளை அவர்மேல் போட்டுவிட்டு அடங்கியிருங்கள் என்கிற மாதிரி வருமாம். அப்படியானால் என் கவலையைக் கீழே வைக்காமல் நானே சுமந்துகொண்டு திரிவதில் ஒரு பெருமை இருக்கிறது. நான் கண் அசந்தால் என் வழக்கைக் கவனிக்க வேறு ஆள் இல்லை என்கிற பெருமை. எனக்கு இது உறைக்க வெகுநாள் ஆயிற்று. பதவி ஆசையை ஒத்துக்கொள்வது எளிதாக இருந்தது. கவலையைப் பெருமை என்று ஒத்துக்கொள்ளத்தான் கஷ்டமாக இருந்தது.

அந்த இரண்டுக்கும் முந்தின ஐந்தாம் வசனத்தில் பேதுரு மனத்தாழ்மையை "அணிந்துகொள்ளுங்கள்" என்கிறார். வேலைக்காரர்கள் இடுப்பில் முடிந்துகொள்ளும் துணியை நினைவுபடுத்தும் சொல் அது. பேதுருவுக்கு அந்தத் துணி எங்கிருந்து நினைவுக்கு வந்திருக்கும்? கடைசி இராப்போஜனத்தில் இயேசு ஒரு சீலையை அரையில் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவினார். என் கால்களை ஒருபோதும் கழுவக்கூடாது என்று முரண்டு பிடித்தவர் இதே பேதுருதான். "என் சமாதானத்தையே உங்களுக்குக் கொடுக்கிறேன்" என்று இயேசு சொன்னதும் அதே இரவில்தான். காட்டிக்கொடுக்கிறவன் எழுந்து வெளியே போன பிறகு சொன்ன வார்த்தை அது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் என் மனம் ஆறாது. தாழ்மை என்ற சொல்லை வைத்துப் பெண்களின் வாயை அடைத்ததை நான் பார்த்திருக்கிறேன். அடிபட்டுக் காயத்துக்குக் கட்டுப்போட வந்தவளிடம், பொறுத்துப் போ, தாழ்மையாய் இரு என்று புத்திசொன்னவர்களையும் பார்த்திருக்கிறேன். பேதுரு எழுதியிருப்பது "நீங்களெல்லாரும் ஒருவருக்கொருவர்" என்று. ஒரு பக்கம் மட்டும் குனிந்துகொண்டே இருப்பதற்கு வேறு பெயர் உண்டு. நான் மனு கொடுத்தது தப்பு என்று இன்றும் நினைக்கவில்லை. அந்த நியமனம் சரி என்றும் நினைக்கவில்லை.

திருநெல்வேலிப் பக்கத்து நேயர்களுக்கு டோனாவூர் தெரிந்திருக்கும். வட அயர்லாந்தில் 1867இல் பிறந்த ஏமி கார்மைக்கேல் என்ற மிஷனெரி 1895இல் இந்தியாவுக்கு வந்தார், பிறகு தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. கோயில்களுக்கு நேர்ந்துவிடப்பட்ட சிறுமிகளுக்கு அவர் டோனாவூரில் வீடு அமைத்தார். பம்பரமாய்ச் சுழன்ற மனுஷி 1931இல் ஒரு வீட்டைப் பார்வையிடப் போன இடத்தில் குழியில் தவறி விழுந்தார். அதன் பிறகு 1951இல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெரும்பாலும் ஒரே அறையில், படுக்கையில். எலும்பு முறிந்து ஆறு வாரம் படுத்தவர்களே எரிந்து விழுவதைப் பார்த்தவள் நான். இருபது ஆண்டு என்றால் என்னவென்று எனக்குக் கொஞ்சம் தெரியும். அவரும் சும்மா புன்னகைத்துக்கொண்டே கிடந்திருக்க மாட்டார். அந்தப் படுக்கையிலிருந்து நிறைய எழுதினார். தன் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டியை வைத்தார்கள். அதில் பொறித்திருப்பது, அவரைத் தாயாக அவர்கள் அழைத்த ஒற்றைச் சொல்.

எனக்குத் தூக்கம் ஒரே நாளில் திரும்பிவிடவில்லை. சில இரவுகளில் அமரப்பண்ண முடிந்தது, பல இரவுகளில் முடியவில்லை. ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பதவி விஷயம் உதிர்ந்துவிட்டது. ஆனால் மனம் வேறொன்றைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். போன மாதம் ஒரு குடும்பக் காரியம். மறுபடியும் மூன்று மணி, மறுபடியும் இருட்டில் வாக்கியங்கள். எழுந்து உட்கார்ந்து, சத்தமாகவே அந்த மூன்று வசனத்தையும் சொன்னேன். கர்த்தரை நம்பியிருக்கச் சொல்லும் மூன்றாம் வசனம்வரை போனேனா, நடுவிலேயே சாய்ந்துவிட்டேனா, தெரியவில்லை. விழித்தபோது நன்றாக விடிந்திருந்தது. வாசலில் பால்காரர் மூன்றாவது தடவையாக மணியடித்துக்கொண்டிருந்தார்.

வணக்கம்.