பிளெண்டர்ல பம்பரம் விடலாம் வாங்க

வணக்கம் மக்களே. பின்னாடி ஹாரன் சத்தம் வந்தா கண்டுக்காதீங்க. வடபழனில ஜன்னலைச் சாத்தினா வேகுது, திறந்தா ஆற்காடு ரோடே வீட்டுக்குள்ள வந்துடுது. ரெண்டுல இதுவே தேவலன்னு திறந்து வச்சுட்டேன்.

இன்னைக்கு பிளெண்டர்ங்கற த்ரீ-டி அனிமேஷன் சாஃப்ட்வேர்ல ஒரு பம்பரம் விடப்போறோம். சுத்துற பொருள்னா நம்ம என்ன பண்றோம்? முதல் ஃபிரேம்ல ஒரு கீ (பொருள் அப்ப எப்படி நிக்கணும்னு பதிஞ்சு வைக்கற குறி), 250-வது ஃபிரேம்ல 360 டிகிரின்னு இன்னொரு கீ, ஆச்சு. ப்ளே பண்ணிப் பாத்தா மெதுவா கிளம்பி, நடுவுல வேகம் எடுத்து, கடைசில பவ்யமா நிக்கும். ரெண்டு கீக்கு நடுவுல பிளெண்டர் தானாவே பெசியர் வளைவு போட்டுடுது, அதனாலதான். ஒரே சீரா சுத்தணும்னா அசைவைக் கோடா காட்டற கிராஃப் எடிட்டர்ல கீயை செலக்ட் பண்ணி 'டி' (T) அழுத்தி லீனியர் ஆக்குங்க. நிக்காம ஓடிக்கிட்டே இருக்கணும்னா ஷிஃப்ட் பிடிச்சுக்கிட்டு 'இ' அழுத்தி, லீனியர் எக்ஸ்ட்ராபொலேஷன். ரொட்டேஷன் மோடு, அதாவது திருப்பத்தைக் கணக்கு வைக்கற முறை, குவாட்டர்னியன்ல இருந்தா இந்த 360 கதை நடக்காது. 0-வும் 360-ம் அதுக்கு ஒரே நிலைதான், பொருள் அசையவே அசையாது. எக்ஸ்-ஒய்-இசட் ஆய்லர்ல வச்சுக்கோங்க.

பம்பரத்துக்கு முன்னாடி, தலைக்கு மேல பாருங்க, சீலிங் ஃபேன். இதை அப்படியே மாடல் பண்ணி ரெண்டர் போட்டா (படமா எடுத்தா) நிறைய பேருக்கு பின்பக்கமா சுத்தும். சாஃப்ட்வேர் பிரச்சினை இல்ல, கணக்கு. நிமிஷத்துக்கு 350 சுத்துன்னு வைங்க. செகண்டுக்கு 24 ஃபிரேம்னா, ஒரு ஃபிரேமுக்கு 87.5 டிகிரி நகருது. மூணு ரெக்கையும் அச்சு அசல் ஒண்ணு, 120 டிகிரிக்கு ஒண்ணா நிக்குது. அடுத்த ஃபிரேம்ல ஒரு ரெக்கை 87.5 முன்னாடி போச்சா, இல்ல பக்கத்து ரெக்கை 32.5 பின்னாடி வந்துச்சான்னு கண்ணு கேக்கும். கிட்ட இருக்கறதைத்தான் நம்பும், அதான் பின்பக்கமா ஓடுது. 480 சுத்துக்கு ஏத்துங்க, ஃபிரேமுக்கு சரியா 120 டிகிரி, ஃபேன் நின்னே போயிடும்!

மருந்து மோஷன் பிளர், அதாவது வேகத்துல படம் மங்கலா இழுபடறது. பிளெண்டரோட சைக்கிள்ஸ் ரெண்டர் எஞ்சின்ல டிக் பண்ணா ஷட்டர் 0.5-ல இருக்கும், பாதி ஃபிரேம் நேரம். நம்ம ஃபேனுக்கு ரெக்கை கிட்டத்தட்ட 44 டிகிரிக்கு இழுபடும். ஆனா ரெக்கை நுனி வட்டமா இழுபடாம நேர்கோடா வெட்டின மாதிரி தெரியும். ஆப்ஜெக்ட் பிராப்பர்ட்டீஸ்ல மோஷன் பிளருக்குக் கீழ ஸ்டெப்ஸ்னு இருக்கு, அதைக் கொஞ்சம் ஏத்துங்க, வளைஞ்சுடும்.

சரி, பம்பரம். இங்க வேகத்தை விட பெரிய விஷயம் அச்சு. பம்பரம் ஒரு சுத்து சுத்தல, மூணு வேலை பாக்குது. தன்னைத்தானே சுத்துது. சாஞ்சு நிக்குது. அந்தச் சாய்வு தரையில வட்டமடிக்குது, அதைத்தான் தலையாட்டுறதுன்னு பாக்கறோம். மூணையும் ஒரே ஆப்ஜெக்ட்ல எக்ஸ், ஒய், இசட்னு போட்டா ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கும், சாட்டை முடிச்சு விழுந்த மாதிரி. அதனால ரெண்டு எம்ப்ட்டி வைங்க, ரெண்டர்ல தெரியாத வெறும் பிடி அது. மேல இருக்கறது இசட்ல மட்டும் திரும்பும், அது தலையாட்டம். அதுக்குக் குழந்தையா (அது திரும்பினா கூடவே திரும்பற மாதிரி) அடுத்தது, எக்ஸ்ல மட்டும், அது சாய்வு. அதுக்குக் குழந்தையா பம்பரம், தன் சொந்த இசட்ல சுழற்சி. மூணோட ஒரிஜினும், அதாவது திரும்பற மையமும், ஆணி முனையில இருக்கணும். த்ரீ-டி கர்சரை ஆணி முனையில வச்சு, பம்பரத்துக்கு செட் ஒரிஜின், ஒரிஜின் டு த்ரீ-டி கர்சர்; எம்ப்ட்டி ரெண்டையும் அந்தக் கர்சர்லயே வைங்க. ஒரிஜின் வயித்துல இருந்தா ஆணி தரையை விட்டு அலையும், பாக்கவே சகிக்காது.

இப்ப கர்வ். கிராஃப்ல உயரம் கோணம், சரிவுதான் வேகம். சுழற்சியோட கோடு செங்குத்தா கிளம்பி போகப்போகப் படுக்கணும். தலையாட்டக் கோடு நேர் எதிர்: ஆரம்பத்துல சோம்பேறியா படுத்துக் கிடந்து, போகப்போக நிமிரணும். சுழற்சி வேகம் பாதியாச்சுன்னா தலையாட்டம் சுமாரா ரெட்டிப்பாகும், பௌதிகம் அப்படி. எல்லாம் சேந்து மெதுவாகணும்னு நம்ம கை தன்னால போகும், விடாதீங்க. ரெண்டும் ஒரே திசைல சுத்தணும், ஒண்ணு பிளஸ் ஒண்ணு மைனஸா இருந்தா பொம்மை மாதிரி இருக்கும். சாய்வு 4 டிகிரில ஆரம்பிச்சு 10, 15-ன்னு போகட்டும். வயிறு தரையில தொட்ட ஃபிரேமோட இந்த செட்டப் முடிஞ்சுது. அதுக்கு மேல ஆணி நழுவும், உருண்டு ஓடும், அதைக் கையால கீ போடுங்க.

இவ்வளவு பண்ணியும் சுத்தாத மாதிரியே தெரியும். ஏன் தெரியுமா? கடைசல்ல கடைஞ்ச பம்பரத்துல சிவப்பு, பச்சை வளையம் எல்லாம் அச்சைச் சுத்தித்தானே இருக்கு, எவ்வளவு சுத்தினாலும் அதே வளையம்தான். சுழற்சியைக் காட்டறது ஆக்கர் குத்து. தெருவுல ஆடின பம்பரத்துல தோள்பட்டைல ஆணி குத்தின ஓட்டை, பெயின்ட் பேந்த இடம், ஒரு பக்கம் அழுக்கு இருக்கும். டெக்ஸ்ச்சர் பெயின்ட்ல நாலஞ்சு குத்து வைங்க, ஒழுங்கா வரிசையா வேண்டாம். வேகமா சுத்தும்போது அது மங்கலான கோடா இழுபடும், வேகம் குறையக் குறையக் கோடு உடைஞ்சு ஓட்டை ஓட்டையா கண்ணுக்குத் தெரியும். என்னைக் கேட்டா பாதி ரியலிசம் அதுலயே வந்துடும், லைட்டிங் எல்லாம் அப்புறம்.

அடுத்த வீடியோல டேபிள் மேல சுத்தி விட்ட காசு. அதுவரைக்கும் ஒரு அஞ்சு ரூபா காயினைச் சுத்தி விட்டு, சாயும்போது சத்தத்தைக் கேட்டு வைங்க. மேல இருக்கற எண் கிட்டத்தட்ட திரும்பறதை நிறுத்திடும், ஆனா டபடபன்னு தட்டறது மட்டும் வேகமாயிட்டே போகும். அதுக்கு எம்ப்ட்டி எத்தனை வேணும்னு யோசிச்சுட்டு வாங்க. வரேன் மக்களே.