துணைக்கு வந்தவர் தலைவரானார்

நேயர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டுக் கிளப்புகளில் ஆடிப் புகழ்பெற்ற கால்பந்து வீரர்களைக் கேட்டால், கோல் அடித்தவர்களின் பெயர்கள்தான் முதலில் வாயில் வரும். கோல் விழாமல் தடுத்தவர்களை யாரும் நினைப்பதில்லை. எனக்கு இது நெடுநாள் மனக்குறை. அதனால் இன்று தென்னாப்பிரிக்காவின் தடுப்பாட்டக்காரர் லூக்காஸ் ரடேபேயைப் பற்றிப் பேசப்போகிறேன்.

ரடேபே 1969இல் ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய சொவெட்டோவில் பிறந்தவர். நிறவெறி ஆட்சியின் வன்முறை தெருவெங்கும் பரவியிருந்த காலம். பிள்ளை அதில் சிக்கிவிடக் கூடாது என்று பெற்றோர் அவரைப் பதின்ம வயதில் பொபுதட்ஸ்வானா பகுதிக்கு அனுப்பிவைத்தார்கள். அங்கே அவர் கால்பந்தில் கோல்கீப்பராக நின்றார். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். 1989இல் நாட்டின் பெரிய கிளப்பான கைசர் சீஃப்ஸில் சேர்ந்தார். 1991இல் அவர்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. குண்டு முக்கிய உறுப்பு எதையும் தொடாததால் உயிர் பிழைத்து மறுபடி ஆட வந்தார். நிறவெறிக்காக விலக்கிவைத்திருந்த தென்னாப்பிரிக்காவைச் சர்வதேசக் கால்பந்து மீண்டும் சேர்த்துக்கொண்ட பிறகு, 1992 ஜூலையில் டர்பனில் கேமரூனுடன் நடந்த முதல் ஆட்டத்திலேயே நாட்டுக்காகக் களமிறங்கினார்.

எல்லா இனத்தவரும் வாக்களித்த முதல் தேர்தல் நடந்தது 1994இல். அதே ஆண்டுதான் இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைடெட் தென்னாப்பிரிக்காவிலிருந்து இருவரை வாங்கியது. அந்தக் கிளப்பின் கண் முன்கள வீரர் ஃபில் மசிங்காமேல் இருந்தது. அவருக்கு ஊர்த் துணையாக ரடேபேயையும் சேர்த்துக்கொண்டார்கள் என்றுதான் அன்று பேசப்பட்டது. ரடேபேக்குக் கொடுத்த விலை இரண்டரை லட்சம் பவுண்டு. மசிங்கா இரண்டே ஆண்டில் வேறு நாட்டுக்குப் போய்விட்டார். துணைக்கு வந்தவர் பதினோரு ஆண்டுகள் இருந்தார்.

தொடக்கம் எளிதாக இல்லை. எந்த இடத்தில் ஆடவைப்பது என்றே கிளப்புக்குத் தெளிவில்லை. நடுக்களத்தில் நிறுத்திப் பார்த்தார்கள், ஓரத்தில் நிறுத்திப் பார்த்தார்கள். முழங்கால் காயம் வேறு. முன்கள வீரர் ஒருவர் புது நாட்டில் ஒரே ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டால் போதும், ஊர் அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடும். தடுப்பாட்டக்காரருக்கு அந்தக் குறுக்கு வழி கிடையாது. பக்கத்தில் நிற்பவர் எப்போது முன்னேறுவார், கோல்கீப்பர் எப்போது வெளியே வருவார், எதிரணி முன்கள வீரரை விதிமீறலில் சிக்கவைக்கும் ஆஃப்சைடு கோடு எப்போது நகர வேண்டும், இவை எல்லாம் மாதக்கணக்கில் சேர்ந்து ஆடினால்தான் படியும். அதுவரை அவர் செய்யும் ஒவ்வொரு தவறும் எதிரணியின் கோலாக எல்லோர் கண்ணிலும் படும்.

1996 ஏப்ரலில் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபர்டு மைதானம். ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்திலேயே லீட்ஸின் கோல்கீப்பர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். மாற்று கோல்கீப்பர் பெஞ்சில் இல்லை. ரடேபே கையுறையை மாட்டிக்கொண்டு நின்றார். அந்த ஆண்டு சாம்பியனான மான்செஸ்டர் அணியால், பத்துப் பேராகக் குறைந்த எதிரணியை முட்டி மோதியும் ஒரே ஒரு கோல்தான் போட முடிந்தது. அதுவும் ராய் கீன் 72ஆம் நிமிடத்தில் அடித்தது. லீட்ஸ் தோற்றது. ஆனால் அன்றுமுதல் லீட்ஸ் ரசிகர்களுக்கு அவர் அந்நியர் இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

அந்த இலையுதிர் காலத்தில் ஜார்ஜ் கிரகாம் மேலாளராக வந்தார். தடுப்பாட்டத்தையே உயிராக நினைத்தவர். 1996-97 பருவத்தில் லீட்ஸ் 38 ஆட்டங்களில் அடித்தது வெறும் 28 கோல், வாங்கியதும் 38தான். ஆட்டம் சலிப்பூட்டுகிறது என்று பலர் குறைபட்டார்கள். எனக்கோ அந்த 38 என்ற எண் மிகவும் பிடிக்கும். அத்தனை குறைவாகக் கோல் அடித்த அணி 11ஆம் இடத்தில் முடித்து முதல் பிரிவில் நிலைத்ததற்குப் பின்களம்தான் காரணம், அந்தப் பின்களத்தின் நடுவில் நின்றவர் ரடேபே. 1998இல் அவர் அணியின் கேப்டனானார். ரசிகர்கள் அவரை ‘தி சீஃப்’, அதாவது தலைவர், என்று அழைத்தார்கள். 1999-2000 பருவத்தில் லீட்ஸ் லீக்கில் மூன்றாவது இடம் பிடித்தது. அந்த ஆண்டு ஃபிஃபாவின் நேர்மை ஆட்ட விருதும் அவருக்குக் கிடைத்தது. இனவெறிக்கு எதிராகவும் தம் நாட்டுக் குழந்தைகளுக்காகவும் உழைத்ததற்காக.

இதற்கெல்லாம் அவருடைய உடல் விலை கொடுத்தது. லீட்ஸில் ஆடிக்கொண்டே நாட்டுக்கும் கேப்டனாக இருந்தார். ஆப்பிரிக்கக் கோப்பை நடப்பது இங்கிலாந்து லீக்கின் நடுப்பருவத்தில். கிளப் விடமாட்டேன் என்னும், நாடு வா என்னும். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. நடுவில் இழுபட்டது வீரரின் முழங்கால். இப்போதும் ஐரோப்பாவில் ஆடும் ஆப்பிரிக்க வீரர்களுக்கு இந்தத் தொல்லை தீரவில்லை. 1996 ஆப்பிரிக்கக் கோப்பைக்கு அவர் காயத்திலிருந்து மீண்டுதான் போனார், கோப்பையையும் வென்றார்கள். 2000 நவம்பரில் லீட்ஸ் 1.8 கோடி பவுண்டுக்கு ரியோ ஃபெர்டினாண்டு என்ற இன்னொரு தடுப்பாட்டக்காரரை வாங்கியது. காயத்தால் 2001-02 பருவம் முழுவதும் ரடேபே லீட்ஸுக்காக ஒரு லீக் ஆட்டம்கூட ஆடவில்லை.

அப்படி இருந்தவர் 2002 உலகக் கோப்பைக்கு நாட்டின் கேப்டனாகப் போனார். ஸ்பெயினுக்கு எதிராகத் தலையால் முட்டி ஒரு கோலும் அடித்து ஆட்டத்தை 2-2 ஆக்கினார். கடைசியில் ஸ்பெயின் 3-2 என வென்றது. குழுச் சுற்றின் முடிவில் புள்ளிகளும் கோல் வித்தியாசமும் பராகுவேயுடன் சமம். பராகுவே அடித்தவை ஆறு, தென்னாப்பிரிக்கா அடித்தவை ஐந்து. அந்த ஒரு கோலால் தென்னாப்பிரிக்கா வெளியேறியது.

2004இல் லீட்ஸ் கடனில் மூழ்கி முதல் பிரிவிலிருந்து இறங்கியது. மற்ற நட்சத்திரங்கள் ஒவ்வொருவராக விற்கப்பட்டார்கள். ரடேபே இருந்தார். 2005 மே மாதம் எல்லண்ட் ரோடு மைதானத்தில் நடந்த அவருடைய பிரிவு உபசார ஆட்டத்துக்கு ஏறக்குறைய 38,000 பேர் வந்தார்கள். லீட்ஸ் நகரத்து ராக் இசைக்குழு ஒன்று கைசர் சீஃப்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டதும் ரடேபேயின் பழைய கிளப்பை நினைத்துத்தான்.

அவருடைய ஆட்டங்களின் பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. நேயர்கள் அவற்றைப் பார்த்தால், பந்தின் பின்னால் கண்ணைக் கொண்டுபோகாமல், பந்து வருமுன் ரடேபே எங்கே நகர்ந்து நிற்கிறார் என்று கவனியுங்கள். வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.