98 சதவீதம் சக்சஸ்: எதுவரைக்கும்?

வணக்கம் மக்களே. இன்று தெப்பக்குளம் படிக்கட்டில் உட்கார்ந்து பேசுகிறேன். பின்னால் வண்டிச் சத்தம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு: மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் இதய அறுவைப் பிரிவில் எனக்குக் கணக்கு வேலை. பணக் கணக்கு இல்லை. நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தவர்கள் அப்புறம் என்ன ஆனார்கள் என்று போன் போட்டுக் கேட்டு எழுதி வைக்கும் கணக்கு.

பைபாஸுக்கு, அதாவது அடைத்த இதயக் குழாயைத் தாண்டி வேறொரு ரத்தக் குழாயைத் தைத்து மாற்று வழி போடும் ஆபரேஷனுக்கு, நாள் குறித்ததும் வீட்டுக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை பர்சென்ட் சக்சஸ்?" யாராவது 98 என்று சொல்லிவிட்டால் எல்லோருக்கும் மூச்சு வருகிறது. அந்த 98 எதுவரைக்கும்? டிஸ்சார்ஜ் ஆகி வாசலைத் தாண்டும் வரைக்குமா, 30 நாளா, 5 வருஷமா? அதை யாரும் கேட்பதில்லை.

நாள் மாறினால் பதிலே மாறிவிடும். ஃப்ரீடம் என்று ஓர் ஆய்வு, 2012இல் வெளியானது. ஒன்றுக்கு மேற்பட்ட இதயக் குழாய்களில் அடைப்புள்ள சர்க்கரை நோயாளிகள் 1,900 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு ஸ்டென்ட் (அடைத்த குழாயை விரித்து வைக்கும் சின்ன வலைக்குழாய்), பாதிப் பேருக்கு பைபாஸ். முதல் மாதத்தில் இறப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. 5 வருஷக் கணக்கில் ஸ்டென்ட் பக்கம் இறந்தவர்கள் 16.3 சதவீதம், பைபாஸ் பக்கம் 10.9. ஆனால் பக்கவாதம் பைபாஸ் பக்கம்தான் அதிகம்: 5.2, அந்தப் பக்கம் 2.4. முதல் மாதத்தோடு நோட்டை மூடியிருந்தால் இறப்பில் இருக்கும் இந்த வித்தியாசம் தெரிந்திருக்காது. நுரையீரல் புற்றுநோய் அறுவையிலும் இதே கதைதான். 30 நாள் இறப்பைவிட 90 நாள் இறப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வருகிறது.

அடுத்தது, யாருக்குச் செய்தார்கள் என்பது. நூறு சதவீதத் தேர்ச்சி என்று பிளெக்ஸ் வைக்கும் பள்ளி, ஒன்பதாவதிலேயே சுமாரான பிள்ளைகளுக்கு டி.சி. கொடுத்து அனுப்புவது நமக்குத் தெரியாதா? ஆபரேஷனிலும் அதற்கு வழி இருக்கிறது. அதனால்தான் யூரோஸ்கோர் மாதிரி கணக்கு வந்தது. வயது, சிறுநீரகம், இன்சுலின், இதயம் அழுத்தித் தள்ளும் திறன், அவசரமாகச் செய்ததா என்று எல்லாவற்றையும் போட்டால் இந்த ஆளுக்கு ஆபத்து எவ்வளவு என்று சொல்லும். அதன் இரண்டாம் பதிப்பை 43 நாடுகளில், 22,000 பேருக்கு மேல் எடுத்த விவரத்திலிருந்து உருவாக்கினார்கள். எதிர்பார்த்த இறப்பு எத்தனை, நடந்தது எத்தனை என்று பார்ப்பதுதான் நியாயம். மோசமான கேஸ்களை ஏற்றுக்கொள்ளும் டாக்டரின் வெறும் சதவீதம் குறைவாகத்தான் தெரியும். நான் அவரிடம்தான் போவேன்.

சரி, என் மேஜைக்கு வருவோம். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். ஃபைலில் இருக்கும் நம்பர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மருமகனுடையது. அவர் ஷிப்ட் முடிந்து எடுத்து, "மாமா நல்லா இருக்காருங்க" என்பார். அவரே மாமாவைப் பார்த்து மாதக்கணக்காகியிருக்கும். நான் விடுவதில்லை. பக்கத்து வீட்டு நம்பர் வாங்கிப் பெரியவரையே பிடித்தேன். "நல்லாத்தேன் இருக்கேன் தாயி." என் படிவத்தில் 'நல்லாத்தேன்' என்று கட்டம் கிடையாது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, பைபாஸுக்கு ரத்தக் குழாய் எடுத்த காலில் வீக்கம் உண்டா, தையலில் நீர் கசிகிறதா, இருமும்போது நெஞ்செலும்பு 'கடக்' என்கிறதா? எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார். கடைசியில் மாத்திரை. "அது தீந்துபோச்சு. அதேன் வலியே இல்லையே, அப்புறம் எதுக்கு?"

எனக்கு அங்கேதான் பகீரென்றது. மார்புக்குள் இருக்கும் தமனியை எடுத்துத் தைத்தால் 10 வருஷம் கழித்தும் பத்தில் ஒன்பது திறந்தே இருக்கும். காலிலிருந்து எடுத்த ரத்தக் குழாய் அப்படி இல்லை, அதற்குள் பாதிக்குப் பாதி அடைத்துப்போகலாம். அதைத் தள்ளிப்போடத்தான் ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும். வலி இல்லை என்று டாக்டரைக் கேட்காமல் நிறுத்துகிற மாத்திரை இல்லை அது.

தை மாதம் இன்னொரு கூத்து. பாலமேட்டுக்காரர், ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை, மாட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வாடிவாசலில் நிற்கிறார். "நான் மாடு பிடிக்கப் போகலம்மா, அவுத்துவிடத்தேன் போனேன்." எலும்பைக் கம்பி போட்டுக் கட்டித்தான் அனுப்புகிறோம். அது கூடுவதற்கே ஆறு முதல் எட்டு வாரம் ஆகும் என்று மாட்டுக்கு எப்படித் தெரியும்?

இவர்களாவது கிடைத்தார்கள். போன் எடுக்காதவர்களை என்ன செய்வது? நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், தகவல் இல்லாதவர்களை உயிரோடு இருப்பவர்களாகவே எண்ணிக்கொண்டார்கள். சதவீதம் பளபளவென்று இருந்தது. சுவீடனில் ஆளுக்கொரு அடையாள எண் உண்டு. இதய நோய்ப் பதிவேட்டை இறப்புப் பதிவேட்டோடு அந்த எண்ணை வைத்து இணைத்துப் பார்த்துவிடுகிறார்கள், யாரையும் தேடி அலைய வேண்டியதில்லை. இங்கே என் மாதிரி ஆள், ஒரு போன், ஒரு நோட்டு. சித்திரைத் திருவிழா வாரத்தில் அதுவும் நடக்காது. அழகர் ஆற்றில் இறங்கும்போது யார் போன் எடுப்பார்கள்?

அதனால், வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் என்றால் டாக்டரிடம் இதைக் கேளுங்கள்: "ஒரு வருஷத்துக்கு அப்புறம் எத்தனை பேரைப் பின்தொடர்ந்தீர்கள்? எத்தனை பேரைப் பற்றித் தகவலே இல்லை?" நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். டிஸ்சார்ஜ் அன்றைக்கு இரண்டு நம்பர் கொடுங்கள், ஒன்று நோயாளியோடு அதே வீட்டில் இருப்பவருடையது. நான் கூப்பிடும்போது மாத்திரை அட்டையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு பேசினால் என் வேலை பாதி முடிந்தது.