இரக்கத்துக்கு ஆர் காசு கட்டுறது?

யாழ்ப்பாணத்தில, சுன்னாகத்தில புடவைக்கடை நடத்துற ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா. ரெண்டு நாளா இந்தக் கேள்வி என்னை விடேல்லை. கடையில நிக்கிற பெடியன் ஒருத்தன், தகப்பனைக் கிழமையில ரெண்டு நாள் டயலிசிஸுக்குப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போறான். அந்த நாளில பிந்தித்தான் வருவான். இவா ஒண்டும் சொல்லுறேல்லை. மற்றப் பிள்ளையள் முணுமுணுக்கினம். "நான் இரங்கிறது பிழையோ அண்ணை?" எண்டு கேக்கிறா.

பிழையில்லை, தங்கச்சி. ஆனா வழமையாப் பாக்கிறவைக்குத் தெரியும், நான் என்ன கேப்பன் எண்டு. உங்கட இரக்கத்துக்கு ஆர் காசு கட்டுறது?

வள்ளுவரைப் பாருங்கோ. அருளுடைமையை அறத்துப்பாலில, துறவறத்துக்கை வைச்சவர், கண்ணோட்டத்தை, அதுவும் இரக்கந்தான், கொண்டுவந்து பொருட்பாலில, அரசனுக்குச் சொல்லுற இடத்தில வைச்சிருக்கிறார். 58ஆம் அதிகாரம். அதுக்கு அடுத்தது என்ன? ஒற்றாடல்! இரங்கு எண்டு சொல்லிப்போட்டுக் கையோட வேவு பாக்கச் சொல்லுறார் மனுசன். (சிரிக்கிறார்) "கருமம் சிதையாமல் கண்ணோட" எண்டுதான் சொல்லுறார். அந்தச் "சிதையாமல்" இருக்கெல்லே, அதிலதான் நான் வழுக்கி விழுந்தனான்.

முந்தி ஒரு சங்கக்கடையில பொறுப்பா இருந்தனான். ஒரு பெடியன், தாய்க்குச் சுகமில்லை எண்டு சொல்லி வேளைக்குப் போவான். விட்டனான். அவன்ர கணக்கை ஆர் முடிச்சது? பக்கத்து மேசைப் பிள்ளை. முடிச்சிட்டு இருட்டுக்கை மானிப்பாய்க்குச் சைக்கிளில போவா. எட்டு மாசம். பிறகு ஒரு நாள் கடிதத்தைத் தந்திட்டு வேலையால நிண்டிட்டா. ஊர் என்னை நல்ல மனுசன் எண்டு சொல்லிச்சுது, அந்தப் பேருக்கு உழைச்சது அவா. பிறகு திருநெல்வேலிச் சந்தையில பெடியன்ர தாயைக் கண்டன். ரெண்டு கையிலயும் பை, விறுவிறெண்டு நடக்கிறா. "எனக்கென்ன தம்பி வருத்தம்? அவன் பின்னேரத்தில பந்தடிக்கப் போறவன்" எண்டா.

உங்கட பெடியன் பொய் சொல்லுறான் எண்டு நான் சொல்லேல்லை. விசாரியுங்கோ, அவ்வளவுதான். ஒரு வருசம் முடிஞ்ச ஆளுக்குச் சட்டப்படி வருசத்துக்கு 14 நாள் லீவும் 7 நாள் காசுவல் லீவும் இருக்கு. அது அவன்ர உரிமை. அதைக் குடுத்துப்போட்டு இரங்கினனான் எண்டு கணக்கில எழுதாதேங்கோ. கிழமைக்கு ரெண்டு நாள் எண்டா அது காணாது. அப்ப அந்த ரெண்டு நாளுக்கும் அவன்ர நேரத்தை மாத்துங்கோ, அவனிட்டைக் கேட்டுட்டு மற்றவைக்கும் சொல்லுங்கோ. அவன்ர வேலையைச் செய்யிறவைக்கு உங்கட கல்லாவில இருந்து குடுங்கோ.

நீங்கள் கேக்காத கேள்வி ஒண்டு இருக்கு. முணுமுணுக்கிற பிள்ளையளின்ர வீட்டில என்ன நடக்குது? அதுவும் தெரியுமோ? கேட்டு எழுதுங்கோ, பிறகு கதைப்பம்.

சரி, அடுத்தது மூளாயில இருந்து ஒரு ஐயா...