20 கோடி வருஷத்து வம்சம், ஒரே ஒரு மியூசியம் சாம்பிள்

[திரையில்: ராத்திரி காடு, கருப்பு வெள்ளை வீடியோ]

இத பாருங்க. மேல முள்ளம்பன்றி மாதிரி முள்ளு, முன்னாடி கீழ வளைஞ்ச நீட்டு மூக்கு, மண்ணத் தோண்டுறதுக்குன்னே செஞ்ச மாதிரி காலு. முட்டை போடும், ஆனா குட்டிக்குப் பாலும் குடுக்கும், அதுலயும் காம்புன்னு ஒண்ணு கிடையாது, தோல்ல கசியிற பால குட்டி நக்கிக் குடிச்சுக்கும்.

பேரு எக்கிட்னா. முட்டை போடுற பாலூட்டின்னு இன்னிக்கு உலகத்துல மொத்தமே 5 இனம்தான், ஒண்ணு பிளாட்டிபஸ், மிச்சம் நாலும் எக்கிட்னா. இவங்க கிளை நம்ம கிளையில இருந்து பிரிஞ்சு சுமார் 20 கோடி வருஷம் ஆச்சு, டைனோசர் எல்லாம் சுத்திட்டு இருந்த காலம்.

இதை ஏன் சொல்றேன்னா, அழியப்போற மிருகம்னாலே நமக்கு புலி, பாண்டா, யானைதான் ஞாபகம் வரும், காசும் பெரும்பாலும் அங்கதான் போகும். லண்டன் விலங்கியல் சங்கம் 2007ல எட்ஜ்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க. அவங்க கணக்கு வேற. எவ்ளோ சீக்கிரம் அழியும்னு மட்டும் பாக்க மாட்டாங்க, வம்சத்துல எவ்ளோ தனியா நிக்குதுன்னும் பாப்பாங்க. நம்ம வீட்டுக் கணக்குல சொல்லணும்னா, அம்பது பங்காளி இருக்குற குடும்பத்துல ஒருத்தர் போனாலும் தாத்தாவோட மூக்கும் முழியும் இன்னொரு பேரன்கிட்ட இருக்கும். ஒத்தை வாரிசு இருக்குற வீட்ல அந்த ஒருத்தர் போய்ட்டா? வீட்டையே பூட்ட வேண்டியதுதான். எலியில ஒரு இனம் போறதுக்கும் எக்கிட்னா போறதுக்கும் அதான் வித்தியாசம்.

சரி, வீடியோல பாத்தது ஆட்டன்பரோ எக்கிட்னா, டிவில இயற்கைப் படம் காட்டுற டேவிட் ஆட்டன்பரோ பேருல வச்சது. இந்தோனேசியாவோட பப்புவால சைக்ளோப்ஸ் மலைன்னு ஒண்ணு இருக்கு, 1961ல அங்க இருந்து ஒண்ணு கிடைச்சுது, அது நெதர்லாந்து மியூசியத்துல இருக்கு, அவ்ளோதான், அதுக்கப்புறம் விஞ்ஞானிங்க ஒருத்தர் கண்ணுலயும் சிக்கல. 2007ல எட்ஜ் ஆளுங்க போய்த் தேடினப்ப மண்ணுல மூக்க விட்டுக் குத்துன ஓட்டை மட்டும் இருந்துச்சு. மண்புழு தேடுறப்ப விழுற ஓட்டை! அந்த ஓட்டைய நம்பித்தான் மறுபடி போறாங்க.

2023ல ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல இருந்து ஜேம்ஸ் கெம்ப்டன் தலைமையில ஒரு டீம், கூடவே உள்ளூர் ஆளுங்க, 80க்கு மேல கேமரா ட்ராப் (முன்னாடி எது நடந்தாலும் தானா படம் பிடிக்கிற கேமரா) கட்டுனாங்க. ஒருத்தருக்கு கை உடைஞ்சுது, ஒருத்தருக்கு மலேரியா, இன்னொருத்தர் கண்ணுல அட்டை ஒட்டிக்கிட்டு ஒரு நாளுக்கு மேல வரவே இல்ல (எழுதுறப்பவே எனக்கு கண்ணு உறுத்துது). மலைய விட்டு இறங்குற கடைசி நாள், கடைசி மெமரி கார்டு, அதுல நடந்து போகுது நம்ம ஆளு.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது அந்த மலைப்பக்கம் இருக்குற யோங்சு சப்பாரி ஊர்க்காரங்க பழக்கம். ரெண்டு தரப்புக்குள்ள சண்டைன்னா ஒரு தரப்ப காட்டுக்கு அனுப்புவாங்க, எக்கிட்னாவ கண்டுபிடிச்சுட்டு வான்னு, இன்னொரு தரப்பு கடலுக்குப் போய் மார்லின் மீன் தேடணும். ரெண்டுமே லேசுல கிடைக்காது, சில சமயம் பல வருஷம் ஆகும், ஒரு தலைமுறைகூட ஆகலாம். கிடைச்சதும் சண்டை முடிஞ்சுது. நம்ம கோர்ட்டு வாய்தாவ விட இது எவ்வளவோ தேவல.

இந்த மாதிரி ஒத்தை வாரிசு நம்ம பக்கத்துலயே ஒண்ணு இருக்குங்க.

[திரையில்: உப்புன உடம்பு, பன்றி மூக்கு, ஊதா நிறத் தவளை]

ஊதாத் தவளை. 2003ல பிஜு, போசுயிட்னு ரெண்டு ஆய்வாளர்கள் கேரளாவுல இருந்து புது இனமா விவரிச்சாங்க. இதுக்கு நெருங்கின சொந்தம் இந்தியாவுலயே கிடையாது, கடல் தாண்டி செஷல்ஸ் தீவுல இருக்கு, ரெண்டு நிலமும் ஒட்டி இருந்த காலத்து உறவு அது. வருஷம் பூரா மண்ணுக்குள்ள கரையான் தின்னுட்டு கிடக்கும், முதல் மழைக்கு சில நாள் மட்டும் மேல வந்து முட்டை போட்டுட்டு திரும்பவும் உள்ள போயிடும். வருஷத்துக்கு ஒரு தடவ ஓணத்துக்கு மட்டும் வந்துட்டுப் போற மாவேலி (மகாபலி) ராஜா மாதிரிங்கறதாலதான் அங்க மாவேலித் தவளைன்னு ஒரு பேரு. 2017ல இதோட தம்பி ஒண்ணு தமிழ்நாட்டுலயே கிடைச்சுது, ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயத்துல, கோயம்புத்தூர்ல வேலை பாத்த ஊர்வன ஆய்வாளர் பூபதி நினைவா அவர் பேரையே வச்சாங்க.

இதோட தலைப்பிரட்டை வேகமா ஓடுற தண்ணியில, வாயால பாறைய கவ்விட்டு தொங்கும். ஓடைக்கு குறுக்க ஒரு சின்ன தடுப்பணை கட்டி அந்த ஓட்டத்த நிறுத்திட்டா, கவ்வுன பாறை அங்கயேதான் இருக்கும், தண்ணிதான் ஓடாது.