பாடகரை மேடையை விட்டே போகவைத்த ரசிகர்கள்! மிலன் லா ஸ்காலாவின் கதை

2006 டிசம்பர் 10. இத்தாலியின் மிலன் நகரில் லா ஸ்காலா அரங்கம், இசையமைப்பாளர் வெர்டியின் 'ஐடா' ஆப்பரா, அதாவது பாட்டாலேயே கதை சொல்லும் இசை நாடகம். கதாநாயகனாக வந்த ரொபெர்த்தோ அலாக்னா முதல் பாட்டைப் பாடி முடித்ததும் மேலே இருந்து ஒரே கூச்சல், மனிதர் விறுவிறுவென்று மேடையை விட்டே போய்விட்டார்! இசைக்குழு நிறுத்தவில்லை. மாற்றுப் பாடகர் அன்டொனெல்லோ பலோம்பி போட்டிருந்த ஜீன்ஸோடு ஓடிவந்து பாட ஆரம்பிக்கிறார், சுற்றிலும் எல்லாரும் பண்டைய எகிப்து வேஷத்தில்!

கூச்சல் போட்டவர்கள் யார்? நான்கு அடுக்குப் பெட்டி இருக்கைகளுக்கும் மேலே, உச்சியில் இருக்கும் மலிவு டிக்கெட் மாடத்துக்காரர்கள். அந்த மாடத்துக்கு 'லொஜ்ஜோனே' என்று பெயர். கீழே பட்டும் வைரமுமாக உட்கார்ந்திருப்பவர்களைவிடப் பாடகர்கள் பயப்படுவது இவர்களுக்குத்தான், ஏனென்றால் ஒரு சுரம் பிசகினாலும் இவர்கள் காதுக்குத் தப்பாது.

சரி, வரலாற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். பழைய அரங்கம் 1776இல் எரிந்துபோக, ஒரு தேவாலயத்தை இடித்த இடத்தில் கட்டடக் கலைஞர் பியர்மரினி கட்டிய இந்த அரங்கம் 1778 ஆகஸ்ட் 3 அன்று சாலியெரியின் ஆப்பராவோடு திறந்தது. 1943இல் குண்டுவீச்சில் நொறுங்கி, 1946இல் இசைக்குழு நடத்துநர் டோஸ்கனினியின் கச்சேரியோடு மீண்டும் எழுந்தது.

இங்கே அரங்கேறிய படைப்புகளைப் பாருங்கள்: பெல்லினியின் 'நோர்மா' 1831, வெர்டியின் 'நபுக்கோ' 1842, 'ஒத்தெல்லோ' 1887, 'ஃபால்ஸ்டாஃப்' 1893. புச்சினி முடிக்காமல் இறந்துபோன 'துரந்தோ' 1926இல் அரங்கேறியபோது, அவர் எழுதி நிறுத்திய இடம் வந்ததும் டோஸ்கனினி அங்கேயே நிறுத்திவிட்டார். அன்றைக்கு அதற்கு மேல் ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை. எனக்கு இதைச் சொல்லும்போதே சிலிர்க்கிறது.

ஆனால் மறக்கவே முடியாதது 1904 பிப்ரவரி 17. அதே புச்சினியின் 'மதாமா பட்டர்ஃப்ளை' முதல் காட்சி. விசில், சிரிப்பு, பறவை மிருகச் சத்தம் என்று அரங்கமே ரகளை. போட்டிக்காரர்கள் ஆள்வைத்துச் செய்த வேலை என்ற சந்தேகம் இன்றும் உண்டு. தரம் குறைந்தால் கத்தட்டும், அது ரசிகனின் உரிமை என்பேன். ஆனால் கேட்கவே விடாமல் கத்தியது அநியாயம். புச்சினி ஒரே இரவோடு அதைத் திரும்பப் பெற்று, நீளமான இரண்டாம் அங்கத்தை இரண்டாகப் பிரித்து, மூன்றே மாதத்தில் பிரேஷியா நகரில் போட்டார். அமோக வெற்றி! உலகம் இன்று கேட்பது திருத்திய வடிவத்தைத்தான்.

அப்புறம் 2016 டிசம்பர் 7. மிலனின் காவல் புனிதர் அம்புரோஸ் திருநாள், ஸ்காலாவின் புதுப் பருவம் தொடங்கும் நாள். அன்றைக்கு இசைக்குழு நடத்துநர் ரிக்கார்தோ ஷாய் நடத்தியது என்ன தெரியுமா? 1904இல் விரட்டப்பட்ட அதே முதல் வடிவம். இந்த முறை கைதட்டல்! இரண்டு வடிவங்களையும் கேட்டவர்கள் இருந்தால், எது பிடித்தது என்று கமெண்டில் கட்டாயம் எழுதுங்கள்.